பழைய டூரிங் சைக்கிள்: புதுச்சேரியில் ஒரு டாவ்ஸ் கேலக்ஸி, வாங்கலாமா?

டெல்டாக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் தஞ்சாவூர். தை பிறந்ததும் நாகப்பட்டினம், வேதாரண்யம், தொண்டி, ராமநாதபுரம், தூத்துக்குடி என்று கடலோரமாகவே கன்னியாகுமரி வரை சைக்கிளில் போக ஆசை. 500 கி.மீ.க்கு மேல் வரும். அவசரம் கிடையாது. கூடாரம், அடுப்பு எல்லாம் இல்லை, இரவில் லாட்ஜ்தான். துணிமணி, மழைக்கோட்டு, பழுதுச் சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 12 கிலோ இருக்கலாம்.

பட்ஜெட் மொத்தம் 30,000. புதிதாக நல்ல டூரிங் சைக்கிள் வாங்க இது போதாது, அதனால் பழசைத் தேடுகிறேன். இரண்டு கண்ணில் பட்டன.

ஒன்று, புதுச்சேரியில். ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் டாவ்ஸ் கேலக்ஸி விற்கிறார். பச்சை நிறம், வளைந்த ஹேண்டில்பார், ரெனால்ட்ஸ் 531 என்று ஸ்டிக்கர். 22,000 கேட்கிறார்.

இன்னொன்று, திருச்சியில். அலுமினிய ஹைப்ரிட் (ரோடு சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவான வகை), முன்னால் சஸ்பென்ஷன், 3×7 கியர், வி-பிரேக். 9,000. அதிகம் ஓட்டாத வண்டி.

மனசு முதலாவதில் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சொல்லுங்கள்.

தேம்ஸ்கரை:
லண்டனிலிருந்து எழுதுகிறேன். கேலக்ஸி என்றதும் உள்ளே வந்துவிட்டேன். டாவ்ஸ் பர்மிங்காம் கம்பெனி. கேலக்ஸி 1971இல் வந்தது. இங்கே தூரப் பயணம் போகிறவர்கள் பல பத்தாண்டுகளாக நம்பி ஓட்டிய வண்டி. ரெனால்ட்ஸ் 531 என்பது மாங்கனீசு, மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாய். லேசாகவும் இருக்கும், அதிர்வையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும்.

ஆனால் கேலக்ஸி என்ற பெயரில் வருடத்துக்கு ஒரு விதமாக வண்டி வந்திருக்கிறது. அதனால் முதலில் மூன்று படம் அனுப்பச் சொல்லுங்கள். டயர் பக்கவாட்டில் இருக்கும் எண், பின்சக்கரத்தின் பல்சக்கரப் பக்கம், பிரேக் எந்த வகை என்று தெரிகிற மாதிரி ஒன்று. அவை வந்தால்தான் 22,000 நியாயமா இல்லையா என்று பேச முடியும்.

ஒற்றைப்பல்:
இதையெல்லாம் படிக்கும்போது சிரிப்புத்தான் வருகிறது. 28 இஞ்ச் கறுப்பு ரோட்ஸ்டர் ஒன்று வாங்கி, பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே? 1923இல் பம்பாயிலிருந்து ஆதி ஹக்கிம், ஜால் பாப்பாசோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூன்று பார்சி இளைஞர்கள் சைக்கிளில் கிளம்பி, உலகைச் சுற்றி 1928இல் திரும்பி வந்தார்கள். அவர்களிடம் இருபத்தொரு கியரா இருந்தது? தஞ்சாவூரிலிருந்து குமரி வரை மலையே கிடையாது. எந்த ஊரிலும் ஸ்போக்ஸ் கிடைக்கும், டியூப் கிடைக்கும்.

நொய்யல்:
ஒற்றைப்பல் சொல்வதில் பாதி சரி. கடலோரத்தில் கியர் பெரிய விஷயம் இல்லை. ஆனால் ரோட்ஸ்டரில் எஃகு ரிம், ராடு பிரேக். மழை நனைந்த எஃகு ரிம்மில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. 12 கிலோ சுமையோடு லாரிக்குப் பின்னால் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லை.

டெல்டாக்காரன், உங்கள் உயரம் என்ன? அதைவிட முக்கியம், உள்கால் அளவு. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட் அழுத்துகிற மாதிரி மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். பழைய டூரிங் சைக்கிளில் மேல்பார் கிடைமட்டமாக இருக்கும். இப்போதைய வண்டிகள் மாதிரி சரிந்து வராது. ஃபிரேம் ஒரு அளவு பெரிதாகிவிட்டால் சீட்டை இறக்கி மட்டும் தப்பிக்க முடியாது. சிவப்பு விளக்கில் கால் ஊன்றும்போது தெரியும். பொருந்தாத ஃபிரேம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

டெல்டாக்காரன்:
உயரம் 172 செ.மீ. உள்கால் 81 வந்தது. விற்பவர் ஃபிரேம் 21 இஞ்ச் என்கிறார்.

படங்களும் வந்துவிட்டன. டயரில் 27×1¼ என்று இருக்கிறது. பின்னால் 5 பல்சக்கரம், முன்னால் 2. பிரேக் நடுவிலிருந்து இழுக்கிற வகை. ஸ்போக்ஸ் எண்ணினேன்: முன்னால் 32, பின்னால் 40.

நொய்யல்:
81ஐ 0.65ஆல் பெருக்கினால் 52.7. 21 இஞ்ச் என்பது 53.3 செ.மீ. பொருந்தும். நேரில் பாரின் மேல் நின்று பாருங்கள், இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும்.

தேம்ஸ்கரை:
நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் இருக்கிறது.

நல்லது: அசலான பழைய கேலக்ஸிதான். கெட்டது: 27 இஞ்ச் சக்கரம். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ. இன்றைய 700சி சக்கரத்துக்கு 622. நம்மூர் 28×1½ ரோட்ஸ்டர் 635. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. 27 இஞ்ச் டயர் லண்டனில் இன்னும் கிடைக்கிறது. வேதாரண்யத்தில் டயர் கிழிந்தால் என்ன செய்வீர்கள்?

டியூப் பிரச்சினை இல்லை. 700×32க்கான டியூப் 27×1¼க்கும் அப்படியே சேரும்.

தீர்வு உண்டு. 700சி சக்கரம் மாட்டலாம். ஆரத்தில் வித்தியாசம் 4 மி.மீ.தான். பிரேக் கட்டையை அந்த அளவு கீழே இறக்க வேண்டும். உங்கள் வகைப் பிரேக்கில் கட்டை நகர நீண்ட துளை உண்டு, பெரும்பாலும் எட்டிவிடும். கட்டை இப்போது துளையின் அடியிலேயே இருந்தால் எட்டாது. படத்தில் நடுவில் இருப்பது போலத் தெரிகிறது. மாற்றினால் மட்கார்டுக்குள் இடமும் கூடும், 32 டயர் தாராளமாகப் போகும்.

ஓவராயில்_அண்ணாச்சி:
தூத்துக்குடியில் முப்பது வருசமா கடை. டைப் அடிக்கிறது பேரன், சொல்றது நான்.

தம்பி, அந்த 32/40 ஸ்போக்ஸைக் கவனிச்சீங்களா? நம்ம ரோட்ஸ்டரும் அதே கணக்குத்தான், வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன கணக்கு. ஆனா 40 துளை போட்ட 700சி அலுமினிய ரிம் இங்க எந்தக் கடையிலயும் தொங்காது. ரிம்மை மட்டும் மாத்தி, பழைய ஹப்பை வச்சுக்கலாம்னு நினைச்சிராதீங்க. ஹப்போட சேர்த்து ரெண்டு சக்கரமும் புதுசு, 36 துளை. அந்தச் செலவைச் சைக்கிள் விலையோட இப்பவே கூட்டிப் பாருங்க. விக்கிறவர்கிட்டயும் அதைச் சொல்லியே பேரம் பேசுங்க.

நேர்ல போறப்ப ஏழு முழ நூல், ஒரு டார்ச், 12 இஞ்ச் ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க.

நூல் எதுக்குன்னா ஃபிரேம் நேரா இருக்கான்னு பாக்க. நூலோட ஒரு முனையைப் பின்சக்கர அச்சு உட்கார்ற காடியில ஒரு பக்கம் கட்டுங்க. அப்படியே முன்னால கொண்டுபோய், ஹேண்டில்பார் நிக்கிற குழாயைச் சுத்தி, மறுபக்கக் காடிக்கு இழுத்துக் கட்டுங்க. நூல் விறைப்பா இருக்கணும். இப்ப சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை ரெண்டு பக்கமும் ஸ்கேல் வச்சு அளங்க. சமமா இருந்தா சரி. ஒண்ணு ரெண்டு மி.மீ. வந்தா கவலைப்படாதீங்க. நாலு அஞ்சுன்னு வந்தா எங்கயோ பலமா அடிவாங்கின வண்டி.

அடுத்தது ஹேண்டில் குழாயும் கீழ்ப்பாரும் சேர்ற இடம். அதுக்கு ஒரு இஞ்ச் பின்னால, அடிப்பக்கமா விரலை ஓட்டிப் பாருங்க. முன்னால மோதின வண்டின்னா பெயின்டுக்கு அடியில சின்னதா ஒரு மடிப்பு தட்டும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

டார்ச் எதுக்குன்னா, சீட் கம்பியை முழுசா வெளிய உருவி, குழாய்க்குள்ள அடிச்சுப் பாக்க. புதுச்சேரி உப்புக் காத்து. மேல பளபளன்னு இருக்கும், உள்ள செதில் செதிலாத் துரு உதிரும். சீட் கம்பி உருவ வரலைன்னா இன்னும் மோசம். எஃகுக் குழாய்க்குள்ள அலுமினியக் கம்பி கிரீஸ் இல்லாம வருசக்கணக்கா கிடந்தா ரெண்டும் ஒட்டிக்கும். அதைக் கழட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஹேண்டில் ஸ்டெம்முக்கும் இதே சோதனைதான்.

ஸ்கேல் செயினுக்கு. ஒரு பின்னோட நடுவுல பூஜ்யத்தை வைங்க. புதுச் செயின்ல 12 இஞ்ச் கோடு இன்னொரு பின்னோட நடுவுல சரியா விழும். அந்தப் பின் எட்டுல ஒரு இஞ்ச் தள்ளி நின்னா செயினும் போச்சு, அதோட தேஞ்ச பல்சக்கரமும் போச்சு. மத்ததெல்லாம் பேரிங்தான், அது பைசா பெறாத விஷயம். குண்டு மாத்தி கிரீஸ் வச்சா ஓடும்.

பண்ணைப்பாலம்:
யாழ்ப்பாணத்திலிருந்து. அண்ணாச்சி சொன்ன நூல் வேலை இஞ்சையும் இருக்கு. எங்கட பக்கம் ஜப்பானிலிருந்து வாற பழைய சைக்கிள்கள் கடைகளில் நிறையக் கிடைக்கும். 2022இல் பெற்றோல் இல்லாமல் வரிசையில் நின்ற காலத்தில் அதுகளின்ர விலையும் ஏறிப்போச்சு. பொதுவாக நல்ல சாமான்தான். ஆனால் சில்லு அளவு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. வடிவாப் பார்க்காமல் வாங்கிப்போட்டு ரயருக்கு அலைகிற ஆக்களை இப்பவும் காணலாம். 26 என்று சொன்னால் மட்டும் காணாது. மலைச் சைக்கிளின்ர 26, ரிம்மில் 559. பெண்கள் சைக்கிளின்ர 26×1⅜, 590. இரண்டையும் கடைக்காரர் ‘26’ என்றுதான் சொல்லுவார். ரயரில் சின்ன எழுத்தில் கிடக்கிற அந்த மூன்று இலக்க எண்ணைப் பார்த்து வாங்குங்கோ.

புதுச்சேரி என்றபடியால் இன்னொரு விசயம். இது இங்கிலாந்துச் சைக்கிள், நல்லது. பழைய பிரெஞ்சுச் சைக்கிள் என்றால் பெடல் அச்சுக் கிண்ணத்தின்ர மரை வேற, ஸ்டெம் விட்டம் 22 மி.மீ., மற்றவைக்கு 22.2. ஒரு சாமானும் சேராது. அங்கை அப்படியும் கிடக்கக்கூடும், கவனம்.

நொய்யல்:
நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. திருச்சி ஹைப்ரிடை யாரும் பேசவே இல்லையே?

அலுமினியம், 700×38 டயர், வி-பிரேக், 36 துளை ரிம். எல்லாச் சாமானும் நம்மூரில் கிடைக்கும். 9,000க்கு வாங்கி, 3,000க்கு நல்ல டயர், செயின், பிரேக் கட்டை போட்டு, மீதிப் பணத்தில் தரமான கேரியரும் பையும் வாங்கலாம். கேலக்ஸியின் கணக்கை எழுதிப் பாருங்கள்: வண்டி, சக்கரம், டயர், கியர் என்று ஏறி, பைக்கு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. நீங்கள் குமரிக்குப் போக ஆசைப்படுகிறீர்களா, கேலக்ஸி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறீர்களா? இரண்டும் தப்பில்லை. ஆனால் எது என்று தெரிந்துகொண்டு பணத்தை எடுங்கள்.

ஹைப்ரிடின் ஒரே குறை அந்த சஸ்பென்ஷன். மலிவான சஸ்பென்ஷன் எடைதான், குலுக்கலைக் குறைக்காது. அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் அதைவிட மெத்தென்று இருக்கும். சாதாரண ஃபோர்க் மாற்றுவதாக இருந்தால், அச்சிலிருந்து மேல்தலை வரை உள்ள நீளம் பழையதற்கு நெருக்கமாக இருக்கட்டும். குட்டை ஃபோர்க் போட்டால் முன்பக்கம் இறங்கி, ஹேண்டில் துடுக்காகிவிடும்.

தேம்ஸ்கரை:
நொய்யல் கேட்டது நியாயமான கேள்வி. என் பதில், இரண்டுக்கும் நடுவே. சுமை ஏற்றி ஓட்டும்போது டூரிங் ஃபிரேமின் அருமை தெரியும். பின்பக்கம் நீளமாக இருப்பதால் பையில் குதிகால் இடிக்காது. காடிக்குப் பக்கத்தில் கேரியர், மட்கார்டு திருகும் காது இருக்கும். கையை விட்டாலும் நேராகப் போகும். ஹைப்ரிடிலும் கேரியர் காது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கிளிப் வைத்துக் கட்ட வேண்டிவரும். சீட் கம்பியில் மட்டும் பிடித்துக்கொள்ளும் கேரியர் 8, 10 கிலோவுக்கு மேல் தாங்காது.

எஃகுக்கு இன்னொரு லாபம்: உடைந்தால் எந்த ஊரிலும் வெல்டிங் வைக்கலாம்.

ஓவராயில்_அண்ணாச்சி:
லண்டன் தம்பி, எல்லாரும் சொல்றதுதான் இது, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். ரெனால்ட்ஸ் 531 குழாய் நடுவுல ஒரு மி.மீ.கூட கனம் இருக்காது. ரோட்டோரத்துல கிரில் கேட் ஒட்டுற ஆர்க் வெல்டிங்கை அது மேல வச்சா ஒட்டாது, ஓட்டை விழும். இந்த மாதிரி ஃபிரேமை வெள்ளி அல்லது பித்தளைப் பற்றவைப்புல நிதானமாச் செய்யணும். ரோட்டோர வெல்டிங் கேரியர் கம்பிக்கு ஆகும். எஃகு கேரியர் வாங்குங்கன்னு சொல்றது அதனாலதான். ஃபிரேமுக்கு அந்த ஆறுதல் வேண்டாம்.

தேம்ஸ்கரை:
ஒத்துக்கொள்கிறேன் அண்ணாச்சி.

டெல்டாக்காரன்:
புதுச்சேரி போய் வந்தேன். நூல் கட்டி அளந்தேன், விற்பவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அவரே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இடப்பக்கம் 33, வலப்பக்கம் 34. கீழ்ப்பாரில் மடிப்பு இல்லை. சீட் கம்பி கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தது. உள்ளே பழுப்பு நிறம், ஆனால் செதில் இல்லை. பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும் ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணோடு விற்பனைச் சீட்டு எழுதி வாங்கினேன். சக்கரக் கதையைச் சொல்லி 16,000க்கு முடித்தேன்.

நொய்யல், உங்கள் கேள்வி இரவெல்லாம் மண்டைக்குள் ஓடியது. கேலக்ஸி வைத்துக்கொள்ளத்தான் ஆசை. குமரி அதற்கு ஒரு சாக்கு.

நொய்யல்:
வாழ்த்துகள். இப்போது பைக்குப் பணம் எங்கே?

ஓவராயில்_அண்ணாச்சி:
1 மி.மீ. வித்தியாசம்னா தங்கம்.

பின்சக்கரத்துக்கு வருவோம். அஞ்சு பல்சக்கரக் காலத்து ஃபிரேம்னா காடிக்குக் காடி 120 மி.மீ. இருக்கும், அளந்து பாருங்க. என் யோசனை, 126க்கு விரிச்சு, ஏழு பல்சக்கர ஃப்ரீவீல் போடுறது. மலிவு, எந்தக் கடையிலயும் கிடைக்கும். 14லருந்து 34 பல்லு வரைக்கும் வருது.

தேம்ஸ்கரை:
இங்கே நான் அண்ணாச்சியோடு மோத வேண்டியிருக்கிறது. திருகி மாட்டும் ஃப்ரீவீலில் வலப்பக்கப் பேரிங், பல்சக்கரத்துக்கு உள்பக்கமாக ஒதுங்கிவிடும். அங்கிருந்து காடி வரை அச்சு தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். சுமை ஏற ஏற அச்சு வளையும், சில நேரம் உடையும். கேசட் ஹப்பில் (பல்சக்கரக் கூட்டத்தைத் திருகாமல் செருகி மாட்டும் வகை) வலப்பக்கப் பேரிங் கிட்டத்தட்ட காடியை ஒட்டியே இருக்கும். 130க்கு விரித்து எட்டு பல்சக்கரக் கேசட் போடுங்கள். பக்கத்துக்கு 5 மி.மீ., எஃகு ஃபிரேம் தாங்கும். விரித்த பிறகு காடிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா, டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் கருவி) தொங்கும் காது நேரா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அண்ணாச்சியின் நூலை இன்னொரு முறை கட்டுங்கள். அலுமினிய ஃபிரேமை மட்டும் யாரும் இப்படி விரிக்கப் போகாதீர்கள், விரிசல் விடும்.

ஓவராயில்_அண்ணாச்சி:
அச்சு வளையிறது உண்மைதான், நானே எத்தனையோ மாத்தியிருக்கேன். ஆனா அது 150 ரூபாய் அச்சு, கால் மணி நேர வேலை. 12 கிலோவுக்கு வளையாது. இருந்தாலும் புதுச் சக்கரம்தானே வாங்கப் போறீங்க, கேசட்டே போடுங்க. நான் வம்புக்கு நிக்கலை.

டெல்டாக்காரன்:
திருச்சியில் ஒரு கடை கொடுத்த கணக்கு: சக்கரம் இரண்டும் 7,500. டயர், டியூப் 2,800. செயினும் கேசட்டும் 2,300. கேபிள், உறை, பிரேக் கட்டை 1,200. ஓவராயிலும் ஃபிரேம் விரிக்கும் கூலியும் 2,500. ஆக 16,300. வண்டியோடு சேர்த்து 32,300. பட்ஜெட் தாண்டியாகிவிட்டது. நொய்யல் சிரிக்க வேண்டாம்.

முன்னால் இருக்கும் 52, 40 பல்சக்கரத்தை இப்போதைக்கு அப்படியே விடலாமா?

நொய்யல்:
சிரிக்கவில்லை, கணக்குத்தான் போடுகிறேன்.

விடலாம். முன்னால் 40, பின்னால் 32 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றேகால் சுற்று. சமதளத்துக்குத் தாராளம். கொல்லிமலை எழுபது கொண்டை ஊசிக்குச் சுமையோடு போகிற அன்றைக்கு முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள கிராங்க் மாற்றிக்கொள்ளலாம். பெடல் அச்சு மரை இன்றைய இங்கிலிஷ் மரையேதான், சாமான் கிடைக்கும்.

பைக்கு வழி சொல்கிறேன். நல்ல வெளிநாட்டுப் பை ஒரு ஜோடி உங்கள் சைக்கிள் விலையில் பாதி வரும். பால்காரர்கள் கேன் மாட்டும் இரும்புக் கொக்கியைப் பார்த்திருப்பீர்கள். அதே பாணியில் 20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டில் பட்டையான கொக்கி திருகி, கீழே ஒரு ரப்பர் பட்டை போட்டால் பை தயார். மூடி இருக்கிறது, மழை உள்ளே போகாது, டீக்கடையில் உட்கார முக்காலியும் ஆகும். கொக்கியைத் திருகும் இடத்தில் உள்பக்கம் அகலமான வாஷர் வையுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் கிழியும். வாளியைக் கேரியரில் முடிந்த அளவு பின்னால் தள்ளி மாட்டி, பெடலைச் சுற்றிக் குதிகால் இடிக்கிறதா என்று பாருங்கள்.

சீட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மெத்தையான ஜெல் சீட் கடைத்தெரு வரை சுகம். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு மெத்தை நடுவில் பிதுங்கி, அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்தும். இடுப்பின் உட்காரும் எலும்பு இரண்டும் சீட்டின் அகலமான பகுதியில் ஊன்றி இருக்க வேண்டும். பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி பொதுவாகக் கூடுதல், அகலமான சீட் தேவைப்படும். கடையில் ‘லேடீஸ் சீட்’ என்று எதையாவது தலையில் கட்டுவார்கள், உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

தேம்ஸ்கரை:
கேலக்ஸியில் தோல் சீட் இருக்கிறதா? ப்ரூக்ஸ் பி17 ஆக இருந்தால் விடாதீர்கள். உடம்புக்குப் படிந்தால் அதற்கு இணை கிடையாது. ஆனால் நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் தொட்டில் மாதிரி தொய்ந்துவிடும். மழை வந்தால் பிளாஸ்டிக் உறை.

டெல்டாக்காரன்:
இருக்கிறது! என்ன பெயர் என்று தேய்ந்துவிட்டது. தோல் விறைப்பாகத்தான் இருக்கிறது.

அடுத்த சந்தேகம்: புது ரிம்மில் வால்வுத் துளை மெல்லிசாக இருக்கிறது. கடைக்காரர் மெல்லிய வால்வு உள்ள பிரெஸ்டா டியூப்தான் போகும் என்கிறார்.

பண்ணைப்பாலம்:
துளை 6.5 மி.மீ. ஆக இருக்கும். கார் வால்வு மாதிரித் தடித்த ஷ்ரேடருக்கு 8.5 வேணும். பெற்றோல் நிலையத்தில் காத்து அடிக்க ஷ்ரேடர்தான் சுகம். ரிம் அகலமாக இருந்தால் துளையைப் பெரிசாக்கி, விளிம்பை அரத்தால் மழுக்கிப்போடலாம். ஒடுங்கின ரிம் என்றால் துளைக்காதேங்கோ, பிரெஸ்டாவோடயே போங்கோ. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைக் கரியலில் கட்டி வைச்சால் எந்தப் பம்பாலும் அடிக்கலாம். இரண்டு எடுங்கோ, ஒன்று கட்டாயம் துலையும்.

ஒற்றைப்பல்:
ரோட்ஸ்டரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஓவராயில்_அண்ணாச்சி:
ஒற்றைப்பல் தம்பி, உங்களுக்கு ஒரு டீ என் கணக்குல.

டெல்டா தம்பி, பழுதுச் சாமான் சொல்றேன். பஞ்சர் செட்டு, டியூப் ரெண்டு, செயின் கட்டர், ஆலன் கீ எல்லாரும் எடுத்துட்டுப் போவாங்க. மறக்கிறது ஸ்போக்ஸ். சுமை ஏத்தினா பின்சக்கரத்துல பல்சக்கரப் பக்கம்தான் உடையும், அதுவும் ஹப்புல வளையிற முழங்கைகிட்ட. அந்தப் பக்கக் கம்பி நெட்டுக்குத்தலா நிக்கிறதால இழுவை ஜாஸ்தி. உடைஞ்ச கம்பியை மாத்தணும்னா கேசட்டைக் கழட்டியாகணும், அதுக்கான தனிச் சாவி ரோட்டோரக் கடையில இருக்காது. அந்தச் சாவியும், அந்தப் பக்கத்து நீளத்துல நாலு கம்பியும், சீட் கம்பிக்குள்ள சொருகி வைக்காம, பம்போட சேர்த்து டேப் போட்டுக் கட்டிக்கோங்க. கம்பி உடையறதுக்குக் காரணம் பெரும்பாலும் எடை கிடையாது, ஒண்ணு விறைப்பா ஒண்ணு தொளதொளன்னு கட்டினதுதான். சக்கரம் வாங்கின கடையிலயே நூறு கி.மீ. ஓட்டிட்டு வந்து இன்னொரு வாட்டி பெண்டு எடுத்துக் கொடுக்கணும்னு பேசி வைங்க. ஸ்போக்ஸை ரெண்டு ரெண்டாப் பிடிச்சு அழுத்திப் பாத்தா விரலுக்கே வித்தியாசம் தெரியும்.

தேம்ஸ்கரை:
திரும்பி வரும்போது ரயிலில் பார்சல் போடுவீர்கள். பெடலைக் கழற்றச் சொல்வார்கள். இடது பெடல் எதிர்த் திசை மரை. இரண்டு பெடலும் பின்சக்கரத்தை நோக்கி ஸ்பேனரைத் திருப்பினால் கழலும், ஸ்பேனர் மேல்நோக்கி நிற்கும் நிலையில். கிளம்பும் முன்பே மரையில் கிரீஸ் தடவி வையுங்கள்.

தை மாதம் தேர்ந்தெடுத்தது நல்லது. வடகிழக்குக் காற்று பெரும்பாலும் முதுகில் இருக்கும். ஆனி, ஆடியில் இதே பாதையைத் தெற்கு நோக்கி ஓட்டிப் பாருங்கள், 52 பல்சக்கரத்தைத் தொடவே மாட்டீர்கள்.

நொய்யல்:
ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் ஒதுங்கிப் போவதாக இருந்தால் பாம்பன் பாலத்தில் கவனம். காற்று பக்கவாட்டில் வரும், இரண்டு வாளியும் பாய்மரம் வேலை செய்யும். பேருந்து கடக்கும் நொடியில் காற்று நின்று மறுபடி அடிக்கும், அப்போதுதான் சைக்கிள் இழுக்கும். விடியற்காலையில் கடந்துவிடுங்கள்.

டெல்டாக்காரன்:
சக்கரம் மாட்டியாயிற்று. பிரேக் கட்டை துளையின் அடிவரை போய் எட்டியது. எஃகு கேரியர் மாட்டினேன், வாளிக்குக் கொக்கி அடித்தாயிற்று. ஒரு புதுத் தொல்லை. கேரியர் மாட்டிய பிறகு, கடைசி, அதாவது மிகச் சிறிய பல்சக்கரத்தில் செயின் விழும்போது வலப்பக்கம் ‘கிர்ர்’ என்று ஏதோ உரசுகிறது. டெரெய்லரைத் திருகிப் பார்த்தேன், போகவில்லை. மற்ற கியரில் சத்தம் இல்லை.

ஓவராயில்_அண்ணாச்சி:
டெரெய்லரைத் தொடாதீங்க. கேரியர் திருகு நீளம். காடிப் பக்கத்துக் காதுல மாட்டின எம்5 திருகு உள்பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும், செயின் அதுல உரசும். பின்னாலருந்து குனிஞ்சு பாருங்க, நுனி பளபளன்னு தேஞ்சிருக்கும். குட்டைத் திருகு போடுங்க, இல்ல வெளிப்பக்கம் ஒரு வாஷர் கூடுதலாப் போடுங்க. நுனி காதோட மட்டமா நிக்கணும், உள்ள வரக் கூடாது. மரையில நீல லாக்டைட் (திருகு தானாக் கழலாம இருக்க விடுற பசை) ஒரு சொட்டு.

டெல்டாக்காரன்:
அதேதான் அண்ணாச்சி. நுனி தேய்ந்திருந்தது. வாஷர் ஒன்று போட்டதும் சத்தம் போச்சு.